ஆனைக்கொட்டடி விண்ணப்பம்

ஜனவரி 3, வெள்ளி

உரக்கடைக்காரர் இந்த டைரியை ஊரிலேயே பத்துப் பேருக்குத்தான் கொடுத்தார். அட்டையில் என் பெயரைப் பொன் எழுத்தில் அடிக்க நினைத்து நேரமில்லாமல் விட்டுவிட்டார் என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பரவாயில்லை. குத்தாலிங்கம் என்று நானே எழுதிக்கொண்டேன்.

காலை ஏழு மணிக்கே என் தங்கை மகள் இசக்கியம்மாள் ஸ்கூட்டரில் வந்து நின்றாள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இ-சேவை மையம் வைத்திருப்பவள். "மாமா, உங்க ஆனைக்கொட்டடில நோட்டீஸ் ஒட்டிட்டாவ" என்றாள்.

போய்ப் பார்த்தேன். மார்ச் பத்தாம் தேதி கட்டடத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் இருசக்கர வாகன நிறுத்தம் கட்டப் போகிறார்களாம். நகராட்சி முத்திரையோடு ஒட்டியிருந்தது.

தேரடித் தெருக் கோடியில் இருக்கிறது கொட்டடி. நாலு பக்கமும் கல்லும் சுண்ணாம்புமாகச் சுவர், உள்ளே ஓடு போட்ட நீளக் கொட்டகை, ஒரு கல் தொட்டி, முன்னால் இரும்புக் கதவு. அது ஆனைக்கொட்டடி என்று சாத்தன்குறிச்சி முழுவதும் விளங்குவதற்குக் காரணம் நான்தான். லாரி ஆபீசில் புக்கிங் பார்த்த காலத்திலிருந்து நாற்பது வருடமாக வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிவந்திருக்கிறேன்: ஜமீனின் பன்னிரண்டு ஆனைகள் அங்கே நின்றன, என் அப்பா ஆண்டியப்பன் அந்த இலாகாவில் அதிகாரி. ஆரம்பத்தில் எட்டு ஆனைகள்தான். ஊர் கேட்கக் கேட்கப் பன்னிரண்டாயின.

இசக்கி ஒரு வழியோடுதான் வந்திருந்தாள். பழைய சின்னக் கட்டடங்களைக் காப்பதற்கென்றே ஒரு அறக்கட்டளை சிறுநல்கை என்று பணம் கொடுக்கிறதாம். "கோயில், அரண்மனைக்கெல்லாம் கெடையாது மாமா. சாவடி, மணிக்கூண்டு, கெணறு மாதிரி யாரும் கண்டுக்காத கட்டடத்துக்குத்தான். ஊர்க்காரங்க அஞ்சு பேரு கமிட்டி போட்டுக் கேக்கணும். அந்த ஆர்டரு கையில வந்துட்டா இடிக்கதை நிறுத்தி வைக்கோம்னு நகராட்சில சொல்லுதாவ."

நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். மார்ச் பத்து கழிந்தும் கொட்டடி நிற்கும்.

ஜனவரி 5, ஞாயிறு

கமிட்டி அமைந்தது. தலைவர் நான். செயலாளர் இசக்கி. உறுப்பினர்கள்: என் மனைவி சொர்ணம், கொட்டடிக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் ஜமால், பால்கார முத்தையா அண்ணாச்சி. அண்ணாச்சிக்கு எழுபத்தெட்டு வயது. இன்றைக்கும் ஆறு மாடு வைத்துக் கறக்கிறார். அவரை இசக்கிதான் சேர்த்தாள். வேறு யாரையாவது போடலாம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன்.

கூட்டத்தில் ஜமால் கேட்டான்: "மாமா, கதவு நாலரை அடிதான இருக்கு. ஆனையை எப்படி உள்ள கொண்டுபோனாவ, மடிச்சா?"

"அந்தக் காலத்து ஆனை ஒழுக்கமானதுடே. மூச்சை இழுத்துப் பிடிச்சு ஒருக்களிச்சு நுழையும்."

"அப்ப அந்தத் தொட்டி? முட்டி உயரம்கூட இல்லையே."

"மண்டி போட்டுக் குடிக்கும். மரியாதை தெரிஞ்ச ஆனை."

எல்லோரும் சிரித்தார்கள். முத்தையா அண்ணாச்சி மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு டீயை ஆற்றினார்.

ஜனவரி 8, புதன்

இசக்கியின் கணினி முன்னால் மூன்று மணி நேரம் உட்கார்ந்து விண்ணப்பத்தை நான் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். ஜமீன், ஆனைகள், ஆனைகளின் பெயர்கள், பட்டத்து ஆனைக்கு வந்த பல்வலி எல்லாம் வந்துவிட்டன. "கட்டடத்தின் வயதுக்கு ஆதாரம்" என்ற கட்டத்தில் அவள் விரல் நின்றது.

"என்ன மாமா போட?"

"நானே ஆதாரம்னு போடு."

"ஒங்க ஆதார் நம்பரையா போடச் சொல்லுதீய?" என்று சிரித்தவள், "பின்னர் சமர்ப்பிக்கப்படும்" என்று அடித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் பழைய இரும்புக்காரர் தராசோடு நிற்கிறார். சொர்ணம் ஓட்டை அண்டா, உடைந்த மோட்டார் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டிருந்தாள். "புழக்கடைத் தொட்டிக்கு மூடியா கெடக்க அந்தத் தகட்டையும் போட்டுறலாம். புதுசா பிளாஸ்டிக் மூடி வாங்கிக்கிடலாம்லா" என்றாள். கூடாது என்று சொல்லிவிட்டேன். அந்தக் காலத்து இரும்பு இந்தக் காலத்தில் கிடைக்காது. அவள் வாதாடவில்லை. ஆச்சரியம்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். வெளியே போகவில்லை.

ஜனவரி 20, திங்கள்

விண்ணப்பம் முதல் சுற்றில் தேறிவிட்டது! தமிழ்நாடு முழுவதிலுமிருந்து வந்த லட்சக்கணக்கான விண்ணப்பங்களில் நம்முடையது ஒன்று. இசக்கி நாற்பத்தொன்று என்கிறாள். 27-ஆம் தேதி மதுரையிலிருந்து கட்டடக் கலை படித்த ஒரு அம்மாள் நேரில் பார்க்க வருகிறார்.

வருகிறவர் கண்ணுக்குக் கட்டடம் லட்சணமாகத் தெரிய வேண்டாமா? எனக்கு ஒரு யோசனை உதித்திருக்கிறது. பெரிய யோசனை.

ஜனவரி 24, வெள்ளி

முடிந்தது! பெயின்டர் ஞானதுரையை அழைத்துவந்து முன்சுவர் முழுக்க மஞ்சள் எனாமல் அடித்து, கதவுக்குப் பக்கத்துக்கொரு ஆனை. துதிக்கையில் மாலை. நெற்றிப்பட்டம் வெள்ளிப் பெயின்ட். கதவுக்கு மேலே "நல்வரவு". ஜமால் பார்த்துவிட்டு, "மாமா, கல்யாண மண்டபம்னு நெனச்சு ரெண்டு பேரு மொய்க் கவரோட வந்துட்டாவ" என்றான். பொறாமை.

இசக்கியிடம் சொல்லவில்லை. பார்த்து அசந்துபோகட்டும் என்றுதான்.

ஜனவரி 27, திங்கள்

இசக்கி அசந்துபோனாள். சுவரைப் பார்த்ததும் ஸ்கூட்டரிலிருந்து இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வந்த அம்மாளின் பெயர் ரெஜினா. முப்பது வயதிருக்கும். நான் மாலையோடு எதிரே போனேன். அவர் மாலையை வாங்கிக்கொண்டு சுவரில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"யார் ஐயா இதை அடிச்சது?"

"என் ஏற்பாடுதான் மேடம்" என்றேன், பணிவாக.

"சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் ஐயா. எனாமல் அடிச்சா உள்ள போன ஈரம் வெளிய வராது. ரெண்டு மழை போதும், சுவர் உப்பி உதிர்ந்துரும். நூறு வருஷம் நின்னதை நீங்க நாலு நாள்ல மூடிட்டீங்க."

பிறகு அளவு நாடாவை எடுத்தார். கதவு, தொட்டி, கொட்டகையின் தூண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி என்று எல்லாவற்றையும் அளந்தார். தூண்களில் முழங்கால் உயரத்தில் பதிந்திருந்த சின்ன இரும்பு வளையங்களைத் தொட்டுப் பார்த்தார். நான் பன்னிரண்டு ஆனைகளின் பெயரையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே பின்னால் போனேன். ஒன்பதாவது ஆனை வரும்போது திரும்பினார்.

"ஐயா, ஆனைக்கொட்டடி நான் நாலு பாத்திருக்கேன். இது அது இல்ல. இந்த மாதிரி ஒண்ண இவ்வளவு முழுசா நான் இதுவரை நேர்ல பாத்ததே இல்ல. எனக்கு ஒரு யூகம் இருக்கு. ஆனா நான் சொல்லக்கூடாது. இது என்ன கட்டடம், எந்த வருஷத்துது, யாரு பொழங்குனாங்கன்னு ஊர்க்காரங்கதான் ஆதாரத்தோட சொல்லணும். அதுக்குத்தான் இந்த நல்கையே."

போகிற நேரத்தில் "நல்வரவு" என்று எழுதியிருந்த இடத்தை அண்ணாந்து பார்த்தார். பெயின்டுக்கு அடியில் நாலு துளைகள் தெரிந்தன. "இங்க ஒரு போர்டு இருந்திருக்கு. அது கிடைச்சா எல்லாம் தெரிஞ்சுரும். யாருக்காவது தெரியுமா?"

வெயில் கடுமையாக இருந்தது. நான் அவருக்கு இளநீர் வாங்கப் போனேன்.

பிப்ரவரி 19-க்குள் பெயின்ட் முழுவதையும் எடுத்தாக வேண்டும், கம்பி பிரஷ், ஆசிட் எதுவும் படக் கூடாது. சரியான வரலாறும் ஆதாரமும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்கை இல்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாலையை ஆனைத் துதிக்கைக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

ஜனவரி 28, செவ்வாய்

காய்ச்சல். நூற்றெட்டு டிகிரி இருக்கும்.

ஜனவரி 30, வியாழன்

எழுந்துவிட்டேன். தப்பு செய்தவன் நான், சுரண்டுகிறவனும் நான்தான். ஈரச் சாக்கைச் சுவரில் ஒட்டவைத்து அரை நாள் விட்டால் அடியிலிருக்கும் பழைய வெள்ளை இளகுகிறது. பிறகு மூங்கில் சில்லை வைத்து மெதுவாக நெம்பினால் பெயின்ட் அப்பளம்போல் வருகிறது. இந்த முறையை உலகத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவன் நான். ரெஜினா அம்மாள் இசக்கிக்கு அனுப்பிய குறிப்பிலும் தற்செயலாக இதுவே இருந்தது.

இன்று ஒரு ஆனையின் வால் போயிற்று.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஒரு கால்.

பிப்ரவரி 6, வியாழன்

முதல் நாலு நாள் தனியாக. பிறகு சொர்ணம் ஒரு பழைய சேலையைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மறுநாள் ஜமால் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் வந்தான். "மாமா, இந்த ஆனைக்குத் தொப்பை ஜாஸ்தி, ஒரு வாரம் ஆகும்" என்கிறான். பெயின்டர் ஞானதுரையே வந்து தான் வரைந்த நெற்றிப்பட்டத்தைத் தன் கையால் நெம்பினான். கண் கலங்கினான் பாவம்.

என் விரல்கள் பத்திலும் கொப்புளம். நிறுத்தப் போவதில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

மத்தியானம் நான் மட்டும் இருந்தேன். முத்தையா அண்ணாச்சி பால் கேனைச் சைக்கிளில் மாட்டியபடியே வந்து நின்றார். இறங்கி ஒரு சில்லை எடுத்தார். கொஞ்ச நேரம் சுரண்டினார். நானும் சுரண்டினேன்.

"குத்தாலிங்கம், எங்க செவலைப் பசுவை ஒருதடவை உங்கப்பா இதுக்குள்ள அடைச்சுட்டாரு. எனக்கு அப்ப இருவது வயசு. வாய்க்கால் கரையில மேஞ்சுதுன்னு புடிச்சுட்டு வந்துட்டாரு. அபராதம் கட்ட வழியில்ல. எங்கம்மா தெருவுல நின்னு மண்ணை வாரி எறிஞ்சு ஏசுனா. நானும் ஏசுனேன்."

நான் சாக்கை நனைத்துச் சுவரில் ஒட்டினேன்.

"பயிரை மேயுத மாட்டைப் புடிச்சு அடைக்குத பவுண்டுக்காரன்னா அப்படித்தான். ஊரே ஏசும். ஆனா ஒண்ணு சொல்லுதேன். மூணு நாள் கழிச்சு மாட்டை அவுக்க வந்தப்ப அது வயிறு ரொம்பி நின்னுது. நல்ல தண்ணி கெணத்துலேந்து தோளுல சுமந்துட்டு வந்து அந்தத் தொட்டியை ரொப்புவாரு. வெயில் காலத்துல ஒரு நாளைக்கு நாப்பது குடம். ஒரு நாள் தொட்டி காஞ்சு நான் பாத்ததில்ல."

"அண்ணாச்சி இத்தனை வருசமா ஊர்ல ஏன் சொல்லல?"

"என்னத்தை?"

"ஆனை இல்லன்னு."

"நீ ஆசையா சொல்லிட்டுத் திரிஞ்ச. நான் ஏன் கெடுக்கணும்?" சில்லைக் கீழே வைத்தார். "ஆனா இப்பம் கட்டடம் போகப் போகுது, பாத்துக்கோ" என்றபடி சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 13, வியாழன்

எட்டாம் வகுப்போடு நான் படிப்பை நிறுத்தியதற்குக் காரணம், எனக்குச் சொல்லிக்கொடுக்க வாத்தியார்களிடம் பாக்கி ஒன்றும் இல்லாமல் போனது என்று இந்த ஊரில் பலருக்கும் தெரியும். நானே சொல்லியிருக்கிறேன்.

நான் வகுப்புக்குள் நுழைந்தால் பையன்கள் "ம்மா" என்று கத்துவார்கள். இதுவும் ஒரு காரணம்.

இன்று இரண்டாவது ஆனையின் காது.

பிப்ரவரி 15, சனி

பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். கத்தரிக்காய் வாங்கினேன். கத்தரிக்காய் சொத்தை.

எனக்குப் பதினான்கு வயதாகும்போது ஒரு சாயங்காலம் ஸ்பேனர் எடுத்துக்கொண்டு போய்ப் பவுண்டின் போர்டைக் கழற்றினேன். போர்டு இல்லாவிட்டால் அது பவுண்டு இல்லை என்று நினைத்தேன். அரசாங்கச் சொத்து காணாமல் போனதற்கு அப்பாவுக்கு மெமோ வந்தது. மூன்று மாதம் வேலையில்லாமல் நிறுத்திவைத்தார்கள். போர்டைத் தேடிப் பழைய இரும்புக் கடை ஒவ்வொன்றாக அவர் ஏறி இறங்கினார். நானும் கூடப் போய்த் தேடினேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

காலையில் புழக்கடைக்குப் போய்த் தொட்டியின் மேலே கிடந்த தகட்டைத் தூக்கினேன். சொர்ணம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே புளியை நீட்டினாள்.

"இதை வச்சுத் தேய்ங்க. எழுத்து வரும்."

"உனக்குத் தெரியுமா?"

"கல்யாணமாகி வந்த மூணாம் மாசம் தொட்டி கழுவும்போது திருப்பிப் பாத்தேன். முப்பத்தெட்டு வருசம் ஆச்சு."

"ஏன் கேக்கல?"

"நீங்க சொல்லுவீயன்னு பாத்தேன். ஆனை ஆனையா வந்துச்சு. சரி, இந்த மனுசனுக்கு அது வேண்டியிருக்குன்னு விட்டுட்டேன்."

"அப்ப அன்னிக்கு இரும்புக்காரன்ட்ட போடச் சொன்னியே?"

"போடுவீயளா மாட்டீயளான்னு பாத்தேன். போட்டிருந்தா நானே ஓடிப்போய் வாங்கிட்டு வந்திருப்பேன்" என்றாள்.

இரண்டு பேருமாகத் தேய்த்தோம். நீலப் பீங்கான் பூச்சு. ஓரத்தில் மட்டும் துரு. வெள்ளை எழுத்து ஒன்றுகூட அழியவில்லை: தாலுகா போர்டு கால்நடைப் பவுண்டு, 1911. நாலு மூலையிலும் நாலு துளைகள்.

பிப்ரவரி 17, திங்கள்

கமிட்டியைக் கொட்டடி முன்னால் கூட்டினேன். டீக்கடையில் நின்றவர்களும் வந்தார்கள், ஐயாயிரம் பேர் இருக்கும். சரி, முப்பது பேர். போர்டை வெள்ளை வேட்டியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். பிரித்துக் காட்டினேன்.

பேச்சு எனக்குப் பஞ்சம் இல்லை. கோயில் கொடை விழாவில் மைக் பிடித்தால் மின்சாரத்தை நிறுத்தித்தான் இறக்குவார்கள். இன்று பேசியது மூன்றே வாக்கியங்கள்தான். "இது மாட்டுப் பவுண்டு. எங்கப்பா ஆண்டியப்பன் இதுல பவுண்டுக்காரர். இந்தப் போர்டைத் திருடுனவன் நான்."

அப்போது டீக்கடைப் பெஞ்சிலிருந்து ஒருவர் "ம்மா" என்றார். ஐம்பது வருடத்துக்குப் பிறகும் அதே ராகம். நான் கையிலிருந்த போர்டை இறக்கவில்லை. சொர்ணம் அந்தப் பெஞ்சை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஜமால் அங்கே போய், "டீ குடிச்சாச்சுன்னா கிளம்பும்வே" என்றான்.

இசக்கி ஏணியைக் கொண்டுவந்தாள். ஏறி, சுரண்டி முடித்த சுவரில் போர்டை வைத்துப் பிடித்தேன். நாலு துளைகளும் நாலு துளைகளுக்கு நேராக நின்றன. முத்தையா அண்ணாச்சி கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு விண்ணப்பத்தைத் திருத்தினோம். இசக்கி பன்னிரண்டு ஆனைகளையும் ஒவ்வொன்றாக அழித்தாள். "மாமா, பல்வலி வந்த ஆனையை மட்டுமாவது வச்சுக்கிடுவோமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். "கட்டடத்தோடு விண்ணப்பதாரருக்கு உள்ள தொடர்பு" என்ற கட்டத்தில் முன்னே "பரம்பரை அதிகாரி" என்று போட்டிருந்தேன். இப்போது பவுண்டுக்காரர் மகன் என்று நானே என் விரலால் அடித்தேன். எழுத்துத் தேடி அடிக்க வெகுநேரமாயிற்று. அவள் உதவ வந்தாள், விடவில்லை.

சாட்சியாக முத்தையா அண்ணாச்சி நாப்பது குடம் தண்ணீர்க் கதையைச் சொல்லிக் கையெழுத்திட்டார்.

பிப்ரவரி 19, புதன்

கடைசித் துதிக்கையும் போயிற்று. சுவர் பழையபடி அழுக்கு வெள்ளை. படம் எடுத்து அனுப்பிவிட்டாள் இசக்கி.

பிப்ரவரி 27, வியாழன்

தகவல் இல்லை. தேங்காய் எண்ணெய் போட்டும் கொப்புளம் ஆறவில்லை.

மார்ச் 5, புதன்

வாகன நிறுத்தத்துக்கு அளவெடுக்க நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்க் கோட்டுக்கு உள்ளே போட்டு உட்கார்ந்தேன். தினமும் உட்காருவேன்.

மார்ச் 7, வெள்ளி

நாற்காலியில் இருந்தேன். இசக்கி ஸ்கூட்டரைப் போட்டது போட்டபடி ஓடிவந்தாள். மூச்சு வாங்கியதில் சொல்ல வரவில்லை, போனை நீட்டினாள். கிடைத்துவிட்டது. "இந்தப் பகுதியில் போர்டோடும் தொட்டியோடும் முழுமையாக நிற்கும் ஒரே கால்நடைப் பவுண்டாக எங்களுக்குத் தெரியவருவது இதுதான்" என்று ரெஜினா அம்மாள் எழுதியிருந்தார். நிபந்தனை ஒன்று: கட்டடம் புழக்கத்தில் இருக்க வேண்டும், பூட்டிவைக்கக் கூடாது. தெரு மாடுகளுக்கு நிழலும் தண்ணீரும் கொடுக்கும் இடமாக இருக்கட்டும் என்று எங்கள் கமிட்டி கேட்டதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

சாயங்காலத்துக்குள் நகராட்சி ஆட்களே வந்து நோட்டீசைக் கிழித்தார்கள்.

மார்ச் 10, திங்கள்

கொட்டடி நிற்கிறது. அடித்துத் திருத்துகிறேன்: பவுண்டு நிற்கிறது.

மார்ச் 13, வியாழன்

கொத்தனார்கள் அடுத்த வாரம்தான் வருகிறார்கள். போர்டை முறையாகத் துளையில் முடுக்கிவிட்டேன், அதே ஸ்பேனர்.

தொட்டியை ரொப்பினேன். குழாய் இருக்கிறது, இருந்தாலும் முதல் நாளைக்குக் குடத்தில் சுமந்தேன். நாப்பது குடம். சொர்ணம் ஒன்பது என்கிறாள், அவள் எண்ண ஆரம்பித்தது பிந்தி.

பதினோரு மணிக்கு ஒரு பசு வந்தது. யாருடையது என்று தெரியாது. வாசலில் நின்று உள்ளே பார்த்தது. நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன். உள்ளே போய்த் தலையைக் குனிந்து நிறுத்தாமல் குடித்தது. கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்துவைத்திருந்தேன். குடித்து முடித்ததும் வந்த வழியே வெளியே போயிற்று.

நல்ல உயரமான பசு. எட்டடி இருக்கும்.